பழகாத பிடியின் பலம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சமவெளியில் பல்லாண்டுகள் வண்டி ஓட்டியவரும் முதல் நாள் அங்கே தடுமாறுவார். தினமும் ஏறி இறங்கும் பஸ் டிரைவரோ அனாயாசமாக வளைத்துச் செல்வார். திறமையைப் போலவே பழக்கமும் ஒரு பலம் அல்லவா? மல்யுத்தக் களத்திலும் இதைக் காணலாம்.

1910-இல் நம் நாட்டுப் பயில்வான் காமா, லண்டனில் போலந்து வீரர் ஸ்பிஸ்கோவுடன் மோதினார். ஸ்பிஸ்கோ விரிப்பின் மீது குப்புறக் கவிழ்ந்துகொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் முயன்றும் காமாவால் அவரைப் புரட்ட முடியவில்லை. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

1993-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், குத்து, உதை, பிடி எல்லாம் அனுமதிக்கப்பட்ட போட்டி ஒன்று நடந்தது. பிரேசில் நாட்டு ராய்ஸ் கிரேசி தம்மிலும் எடை மிகுந்த மூவரை ஒரே இரவில் வென்றார். அவர் கற்றது, ஜப்பானிலிருந்து பிரேசிலுக்குச் சென்று வளர்ந்த ஜியு ஜிட்சு. தரையில் கட்டிப் புரளும் அந்த முறை மற்றவர்களில் பலருக்குப் புதிது.

இதன் காரணம் மாயமன்று. பழகிய அசைவு தொடங்கும்போதே அதன் முடிவை நம் மூளை ஊகித்துவிடும். பழகாத அசைவில் ஊகம் பிழைக்கும். அந்த ஒரு கணத் தாமதமே போதும். நெம்புகோல் தத்துவமும் துணை நிற்கும். எதிராளியின் முழங்கையைத் தன் இடுப்பின் மேல் வைத்து மணிக்கட்டை இழுத்தால், ஒரு கைக்கு எதிராக முழு உடலின் பலமும் வேலை செய்கிறது. (பயிற்சியாளர் இன்றி இதைச் செய்து பார்க்காதீர்கள், மூட்டு முறியும்.)

ஆனால் புதுமையின் பயன், அது அரிதாக இருக்கும் வரைதான். கிரேசியின் வெற்றிக்குப் பின் மற்றவர்களும் தரைப் பிடிகளைக் கற்றார்கள். அவரது தனி அனுகூலம் குறைந்தது. நெம்புகோலோ அன்றும் இன்றும் அதேதான்.

ஆகவே, மண் குஸ்தி பழசு என்று ஒதுக்குவதும் பிழை. அதுவே போதும் என்று இருப்பதும் பிழை என்பது என் கருத்து. மண்ணில் வளர்ந்த காஷாபா ஜாதவ், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பழகாத விரிப்பில் ஆறாமிடமே பெற்றார். விடாமல் பயின்று 1952-இல் ஹெல்சிங்கியில் வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது.

உங்கள் ஊர்ப் பிடியை மறவாதீர்கள். அயலார் பிடியையும் கற்றுக்கொள்ளுங்கள்!