கல்லும் சேறும் யாருக்கு இன்பம்?

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளுக்குக் கொங்கிரீட் போட்டுக் கெடுத்துவிட வேண்டாம் என்று மலை மிதிவண்டி ஓட்டும் நண்பர்கள் சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து வருபவர்களும் சொல்கிறார்கள். கோடை விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் வரும் நம்மவர்களும் சொல்கிறார்கள். கல்லும் சேறும் வளைவுமாக இருப்பதுதானாம் அந்தப் பாதைகளின் அழகு. சமதளமாக்கிவிட்டால் 'இயற்கை' போய்விடுமாம்.

எந்த இயற்கை என்று கேட்க விரும்புகிறேன். தம்பேத்தன்ன தோட்டத்தைத் தோமஸ் லிப்டன் வாங்கியது 1890இல். அங்கிருந்து லிப்டன் இருக்கை வரை ஏறும் பாதை காட்டாறு அரித்து உண்டானதன்று. கூலிக்கு வந்த தமிழர் கையால் கல் உடைத்து, கையால் அடுக்கிப் போட்ட பாதை. கொழுந்து மூட்டை ஸ்டோருக்குப் போவதற்காகப் போட்டது. மேலே பூசிய தார் கரைந்து, அடிக்கல் பல்லிளிக்கிறது. அந்தப் பல்லிளிப்பைத்தான் இன்று 'சவாலான தரை' என்று பெயரிட்டு ரசிக்கிறோம்.

பாதை ஏன் அப்படிக் கிடக்கிறது என்பதற்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. சலிப்பூட்டும் விடயந்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் முகாமை பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறிற்று. இடையில் வந்த 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமோ, தோட்ட எல்லைக்குள் சபைப் பணத்தைச் செலவிட இடந்தரவில்லை என்றே பொருள்கொள்ளப்பட்டது. தோட்டத்து மனிதர் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். அந்தச் சபை அவர்களுடைய லயத்து வாசலில் ஒரு கூடை கல் கொட்ட முடியாது! இந்த வெட்கக்கேடு 2018இல் கொண்டுவந்த திருத்தத்தினால்தான் நீங்கிற்று. முப்பத்தொரு ஆண்டுகள். பிரசவ வலி வந்த பெண்ணை லொறியில் ஏற்றி அந்தக் கற்களின் மேல் உருட்டிக்கொண்டு போன ஆண்டுகளும் அவற்றுள் அடங்கும். அம்புலன்ஸ் வண்டி ஏற மறுக்கும் பாதையில் ஏறுவதை நாம் பெருமையாகப் பேசுகிறோம்.

சுற்றுலாவே கூடாதென்று நான் சொல்லவில்லை. பீகோ நடைபாதை என்னும் திட்டம் நல்ல திட்டம் என்பதே என் எண்ணம். கண்டியின் ஹந்தானையில் தொடங்கி, அட்டன், அப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை, 22 கட்டங்கள், ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் (பின்னது 2025இல் இழுத்து மூடப்பட்டது) பணம் கொடுத்தன. பழைய தோட்டப் பாதைகளைத்தான் அது இணைக்கிறது. நடப்பவர்களுக்காக வகுத்தது, சில பகுதிகளில் மிதிவண்டியும் ஓடும். வழிகாட்டிப் பலகை நட்டார்கள், வரைபடம் போட்டார்கள். பலகையைத் தாண்டிப் பாதைக்கு என்ன கிடைத்தது என்பதுதான் என் கேள்வி.

எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி பூட்டிய நல்ல வண்டி ஐந்து இலட்சம் ரூபாவுக்குக் கீழே கிடைப்பது அரிது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த நாட்சம்பளம், அரசு தரும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவையும் சேர்த்து 1,750 ரூபா. ஆக, உங்கள் வண்டி ஒரு கொழுந்தெடுக்கும் பெண்ணின் 285 நாள் உழைப்பு. அப்புத்தளைக்கு அது தேவையுமில்லை. முன் கவையில் 120 மில்லிமீற்றர் அசைவுள்ள, பின்புறம் விறைப்பான வண்டி போதும். மிச்சப் பணத்தைப் பிறேக்கில் போடுங்கள். லிப்டன் இருக்கையிலிருந்து நகருக்கு இறங்குகையில் சுமார் 500 மீற்றர் உயரம் குறைகிறது. கம்பி இழுவைப் பிறேக்கில் அந்த இறக்கத்தை நம்பாதீர்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வட்டத்தகட்டுப் பிறேக், பெரிய தகடு, உலோகத்தூள் சேர்த்த பட்டை. சாதாரணப் பிசின் பட்டை ஈர மணலில் விரைவில் தேய்ந்து, தகட்டில் இரும்பு உரசும். டயர் 2.4 அங்குல அகலம் இருக்கட்டும். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். விற்பனைக்காரர் 'மலைக்கென்றே' என்று காட்டும் மற்ற அலங்காரங்கள் மாதாந்தத் தவணை ஏறுவதற்கே உதவும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். தேயிலை நிரைகளுக்குக் குறுக்கே புதுத் தடம் வெட்டாதீர்கள். அங்கே சரிவுக்குச் சரிவு கான் வெட்டியிருக்கும். மழைநீரை மெல்ல வழிநடத்துவது அந்தக் கான்தான். சக்கரம் ஏறி அதன் விளிம்பு உடைந்தால், நீர் அடுத்த மழையில் உங்கள் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். அதன் கீழே லயம் இருக்கும். கொஸ்லந்த மீரியபெத்தவை மறந்துவிட்டோமா? 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை வந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டமெங்கும் சரிவுகள் மீண்டும் பேசின. மிதிவண்டித் தடம் ஒன்று மலையைச் சரித்துவிடும் என்று நான் மிகைப்படுத்தவில்லை. ஏற்கெனவே தளர்ந்து நிற்கும் மண்ணில் விளையாட்டுக்காக மேலும் ஒரு கீறல் போட நமக்கு உரிமை இல்லை என்கிறேன். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை நின்று இரண்டு நாளாகாத சரிவில் வண்டியை இறக்கவே வேண்டாம்.

"பாதையைச் செப்பனிட்டால் பயணிகள் வரமாட்டார்கள், தோட்டத்துக்கு வருமானம் போகும்" என்றொரு வாதமும் உண்டு. எந்தத் தோட்டத்து வருமானம்? தொரைமார் பங்களாக்கள் விடுதிகளாகி, ஓர் இரவுக்கு வாங்கும் வாடகையில் லயத்துக் கூரைத் தகரம் மாற்றப்பட்டதாக நான் செய்தி எழுதியதில்லை. எழுதக் கிடைத்தால் முதற்பக்கத்திற்கே அனுப்பியிருப்பேன். வண்டியோட்டிக்குக் கல்பாதைதான் வேண்டுமென்றால், இதல்கஸ்ஹின்னப் பக்கத்து மேட்டிலும் பாவனையற்ற பழைய ஒற்றையடிப் பாதைகளிலும், தோட்ட நிர்வாகத்திடமும் அங்கு வாழும் மக்களிடமும் கேட்டு, ஒரு தடத்தை ஒதுக்கிக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்கும் மருந்தகத்துக்கும் கொழுந்து மடுவத்துக்கும் போகிற பாதை அப்படி ஒதுக்கக்கூடியதன்று.

2018இன் திருத்தம் வந்த பிறகு அப்புத்தளைப் பிரதேச சபைக்குச் சட்டச் சாக்கு இல்லை. எத்தனை தோட்டப் பாதைகள், எந்தெந்த டிவிசன், எவ்வளவு நீளம், எப்போது முடியும் என்று ஒரு பட்டியல் வெளியிடட்டும். முதலில் லயத்திலிருந்து வைத்தியசாலைக்குப் போகும் பாதைகள். நண்பர்கள் அந்தப் பட்டியலைக் கேட்டுச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினால், அதில் என் கையொப்பத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.