விருப்ப ஓய்வு: யாருடைய விருப்பம்?

விமான நிறுவனங்கள் நெருக்கடியில் சிக்கும்போதெல்லாம் படித்தவர்களிடையே ஒரு பாராட்டு தவறாமல் எழுகிறது. "ஒருவரைக்கூட வேலையைவிட்டுத் துரத்தவில்லை, ஊதியமில்லாக் கட்டாய விடுப்பிலும் நிறுத்தவில்லை, முன்கூட்டியே ஓய்வுபெற விரும்பியவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள், இதுவல்லவா மனிதநேயம்!" இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் இடத்திலும் இந்தக் குரலைக் கேட்கிறோம். சொல்லை எடைபோட்டுப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாமும் இதை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம் என்பதுதான் எங்கள் ஆதங்கம். கோவையில் வாழ்பவர்களுக்கு இந்த ஏமாற்றம் கூடுதலாகவே புரிந்திருக்க வேண்டும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஒருவர் ஓய்வது தன்வினை; ஓய்விப்பது பிறவினை. வி.ஆர்.எஸ். என்று ஊரெல்லாம் அறிந்த திட்டம் ஒரு பிறவினைக்குத் தன்வினை உடுப்பை அணிவிக்கிறது. செய்பவர் நிர்வாகம், ஆனால் படிவத்தில் எழுவாயாக நிற்பவர் தொழிலாளி. 'நான் விரும்பி ஓய்வு பெறுகிறேன்' என்று அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். தொல்காப்பிய உரியியல் 'ஓய்தல்' என்ற சொல்லுக்கு, முன்பு இருந்த ஒன்று நுணுகிக் குறைவது என்று பொருள் சொல்கிறது. இளைப்பாறுதல் என்று நாம் இன்று கொள்ளும் பொருளைவிட அந்தப் பழைய பொருளே இந்தத் திட்டத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது.

கட்டாய விடுப்பைவிட முன்கூட்டிய ஓய்வு மேலானது என்ற கணிப்பு எந்த அளவுக்கு உண்மை? 2020 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் அமெரிக்கன், யுனைடெட் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 32,000 பேரைக் கட்டாய விடுப்பில் அனுப்பின. உலகமே அதைக் கொடுமை என்றது, கொடுமைதான். அதே ஆண்டில் டெல்டா நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 17,000 பேர் விருப்ப விலகல் திட்டங்களின்கீழ் வெளியேறினர், அது பாராட்டப்பட்டது. டிசம்பர் இறுதியில் அரசின் ஊதிய உதவி நீட்டிக்கப்பட்டதும் விடுப்பில் நின்றவர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர். விருப்பத்தோடு விலகியவர்களுக்கு அத்தகைய அழைப்புரிமை இல்லை. 2022 கோடையில் ஆள் பற்றாக்குறையால் விமானங்கள் ரத்தானபோதுதான் அனுபவசாலிகள் இல்லாத குறை கண்ணுக்குத் தெரிந்தது. கட்டாய விடுப்பில் பசி உண்டு. அதோடு திரும்பும் உரிமையும் உண்டு. முன்கூட்டிய ஓய்வில் கையில் பணம் வரும்; அந்த உரிமை போய்விடும். எது மேல் என்று தீர்ப்பளிக்க வேண்டியவர் அந்தத் தொழிலாளி. அவர் சார்பில் நாம் கைதட்டுவது அழகல்ல.

நம் நாட்டுக்கு வருவோம். 2020 சூலையில் ஏர் இந்தியா ஒரு விடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆறு மாதமோ இரண்டு ஆண்டோ ஊதியமில்லாமல் வெளியே நிற்க வேண்டும். ஐந்து ஆண்டுவரை நீட்டிக்கலாம். விரும்பியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றது. விரும்பாதவர்களையும் திறமை, உடல்நலம் முதலான காரணங்களைக் காட்டி அனுப்பலாம் என்றும் சொன்னது. மற்ற நிறுவனங்களைப் போல் நாங்கள் யாரையும் நீக்கமாட்டோம் என்ற அறிவிப்பும் அதே மாதத்தில்தான் வந்தது. ஐந்தாண்டு ஊதியமில்லாதவர் வேலையில் இருப்பவராம்! மொழிக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியுமா?

2022 சனவரியில் நிறுவனம் டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஓராண்டுக்கு ஆட்குறைப்பு கூடாது என்பது விற்பனை நிபந்தனைகளுள் ஒன்று. அந்த ஓராண்டு முடியுமுன்பே, சூன் மாதத்தில் விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. தகுதி வயது 55இலிருந்து 40 ஆகக் குறைந்தது. சூன் முடிவதற்குள் விண்ணப்பிப்போருக்குக் கூடுதல் தொகை! முப்பதாண்டு உழைப்பின் முடிவைத் தள்ளுபடி விற்பனையைப் போல் முப்பது நாளுக்குள் எடுக்கச் சொன்னார்கள். நிபந்தனை மீறப்படவில்லை, ஏனெனில் விருப்ப ஓய்வு ஆட்குறைப்பு ஆகாது. 2023 பிப்ரவரியில் அதே நிறுவனம் 470 விமானங்கள் வாங்கப்போவதாகவும் விமானப் பணியாளர்களாக 4,200க்கும் மேற்பட்டோரைச் சேர்க்கப்போவதாகவும் அறிவித்தது. மார்ச்சில் பறக்காத பிரிவினருக்கு அடுத்த விருப்ப ஓய்வு வந்தது. பிரிவுகள் வேறு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் வளரும் நிறுவனம் தன் பழைய ஊழியர்களுக்கு வேறு பணி பயிற்றுவிக்க முடியாதா என்ற கேள்வி நிற்கிறது.

'ஆட்குறைப்பு ஆகாது' என்ற அந்த வரியில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் ஆட்குறைப்புக்கு வரையறை கூறுகையில் விருப்ப ஓய்வை வெளியே நிறுத்தியது. ஆட்குறைப்பு என்றால் பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும்; மீண்டும் ஆள் எடுக்கும்போது போனவருக்கு முன்னுரிமை தர வேண்டும்; பெரிய ஆலைகள் அரசின் அனுமதியையும் பெற வேண்டும். விருப்பம் என்ற ஒரு சொல் இந்த மூன்றையும் துடைத்துவிடுகிறது. வரிசையும் தலைகீழாகிறது: முதலில் வந்து நிறுவனத்தை வளர்த்த மூத்தவரே முதலில் போகிறார். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த விலக்கு தொடர்கிறது. அரசு அனுமதி தேவைப்படும் ஆலைகளின் வரம்பும் 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது.

கொங்கு நாடு இந்தப் பாடத்தை விமான ஊழியர்களுக்கு முன்பே படித்துவிட்டது. 1974இல் நாட்டுடைமையான நலிந்த பஞ்சாலைகளைத் தேசியப் பஞ்சாலைக் கழகம் நடத்தியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைப்பு என்ற பெயரில் நாடெங்கும் அதன் ஆலைகள் பல மூடப்பட, ஆயிரக்கணக்கானோர் வி.ஆர்.எஸ். பெற்றனர். எஞ்சிய 23 ஆலைகளும் 2020 மார்ச்சில் ஊரடங்கோடு நின்றன. கோவையில் மட்டும் ஐந்து: பங்கஜா, முருகன், கம்போடியா, ரங்கவிலாஸ், ஸ்டேன்ஸ் என்று நாம் அழைக்கும் கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங். நிரந்தரத் தொழிலாளிக்குப் பாதிச் சம்பளம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. ஓடாத ஆலையின் வாசலில் நிற்பவரிடம் விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டினால் அவர் கையெழுத்திடத்தான் செய்வார். அதற்கு விருப்பம் என்று பெயரிடலாமா?

எதிர்வாதத்தையும் பார்த்துவிடுவோம். சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீடு, பணியாற்றிய ஓர் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம். பொதுத்துறையில் குஜராத் முறை எனப்பட்ட விருப்ப ஓய்வுக் கணக்கோ பணியாற்றிய ஆண்டுக்கு 35 நாளும் எஞ்சிய ஆண்டுக்கு 25 நாளும் தந்தது. இது கூடுதல்தானே என்பர். கூடுதல்தான். மகள் திருமணத்தை முடித்தவரும், கடனை அடைத்தவரும், விசைத்தறி போட்டுப் பிழைத்தவரும் உண்டு. மனமுவந்து வாங்கிக்கொண்டவரும் உண்டு. அவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் பணம் அன்பளிப்பு அன்று. சட்டம் தந்த மூன்று பாதுகாப்புகளையும் ஒரு கையெழுத்தால் விட்டுக்கொடுப்பதற்கான விலை அது. விற்பவருக்குத் தான் எதை விற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

நட்டத்தில் இருக்கும் நிறுவனம் என்னதான் செய்யும் என்று கேட்கலாம். செலவைக் குறைக்கட்டும். 'போகமாட்டேன்' என்று சொல்பவருக்கும் அங்கே இடம் இருக்கட்டும். நிறுவனத்தின் எதிர்காலத் திட்டம் என்ன, அடுத்த ஆண்டு ஆள் எடுக்கப்போகிறார்களா என்பதை முன்கூட்டியே சொல்லட்டும். யோசிக்க மாதக்கணக்கில் அவகாசம் தரட்டும். மீண்டும் ஆள் எடுக்கும்போது போனவர்களை முதலில் அழைக்கட்டும். இவை நிறைவேறினால் விருப்ப ஓய்வு என்ற பெயரை நாமும் தயங்காமல் ஒப்புக்கொள்வோம்.

இறுதியாக, எழுதும் நண்பர்களுக்கு ஒன்று. வேலைநிறுத்தத்தையும் கதவடைப்பையும் துப்பாக்கிச் சூட்டையும் நம் புனைகதை எழுதியிருக்கிறது. சத்தமின்றிப் படிவம் நிரப்பி, கணக்கு முடித்து, நாற்பத்தெட்டு வயதில் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தவரைப் பற்றி நாம் போதிய அளவு எழுதவில்லை. அவர் கதையில் எதிரி முகம் காட்டுவதில்லை. வெளியேற்றும் கடிதத்தில் அவர் கையெழுத்தே இருக்கிறது. எழுதக் கடினமான கதைதான். அதை எழுதும் நாள் வரும்வரை, குறைந்தபட்சம் நிர்வாகங்கள் தரும் சொல்லை நம் சொல்லாக எடுத்து வழங்காமலாவது இருப்போம்.