டயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

மாரி வரப்போகிறது.

சீட் கவருக்கும் செட்டுக்கும் யோசிக்காமல் செலவழிக்கும் நாம், டயர் என்றதும் பாவித்ததைத் தேடுகிறோம். "தேயவே இல்ல" என்று கடைக்காரர் சொன்னால் போதும், வாங்கி விடுகிறோம்.

தேய்மானத்தை மட்டும் பார்த்தால் போதாது. டயரின் பக்கத்தில் செய்த திகதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகும். இறுகிய டயர் நனைந்த வீதியில் பிடிக்காது.

பெரிய பிராண்ட் கட்டாயமில்லை. காருக்குரிய அளவில், அண்மையில் செய்த புது டயர் போதும். நான்கையும் மாற்ற வசதியில்லையா? சோடியாக இரண்டு வாங்கிப் பின்னுக்குப் போடுவோம். மழையில் கார் சுழலும் ஆபத்துக் குறையும்.

பின் சீட்டில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல்.