தரை நம் ஊரில், பெயர் மட்டும் இத்தாலியிலா?

விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வாருங்கள். ராயல், இம்பீரியல், வேர்ல்டு, கேலரி, ஸ்டுடியோ! டைல்ஸ் விற்கிறார்களா, சினிமா எடுக்கிறார்களா என்று சந்தேகமே வந்துவிடும்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. என் தங்கை பேரன் திண்டிவனத்தில் சிறியதாக ஒரு தரை வேலைக் கடை போடப் போகிறான். டைல்ஸ் ஒட்டுவது, கிரானைட் பதிப்பது, பழைய மொசைக்கிற்கு பாலிஷ் போடுவது. பதினோரு வருஷம் பிறரிடம் கைவேலை கற்றவன், சேர்த்து வைத்ததை எல்லாம் இதில் போடுகிறான். வீட்டில் எல்லோரும் சேர்ந்து அவனுக்குத் தேர்ந்தெடுத்திருக்கும் பெயரில் "இத்தாலியன்" என்று ஒரு சொல் இருக்கிறது. அவன் ஒட்டப் போகும் டைல்ஸ் பெரும்பாலும் குஜராத் மோர்பியில் செய்தது. ஒட்டப் போகிறவன் திண்டிவனத்துக்காரன். இதில் இத்தாலி எங்கே வந்தது?

நம் வீட்டுத் தரைகளின் பெயர்களை யோசித்துப் பாருங்கள். கடப்பா கல் என்கிறோம், அது ஆந்திரத்து ஊர். கோட்டா கல் ராஜஸ்தானத்து ஊர். மக்ரானா பளிங்கும் அப்படியே. நம் செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லும் ஊர்ப் பெயர்தான். திண்டிவனம் பக்கத்துக் குன்னத்துக் கருங்கல்லைக் கிரானைட் வியாபாரிகள் "குன்னம் பிளாக்" என்றே விற்கிறார்கள். ஏன், இத்தாலிக்காரனே தன் பளிங்கிற்குக் கராரா என்று தன் ஊர்ப் பெயரைத்தானே வைத்தான்! இந்தத் தொழிலில் ஊர்ப் பெயர்தான் தரத்தின் முத்திரை. அதை விட்டுவிட்டு இன்னொருவன் ஊரைக் கடன் வாங்குவதற்குப் பெயர் நாகரிகமா?

அடுத்தது நியூமராலஜி. "கூட்டுத்தொகை சரியில்லை, ஒரு 'எச்' சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் நடக்கும் இந்த எண் கணக்கு ஆங்கில எழுத்துக்களுக்கு 1 முதல் 8 வரை மதிப்புப் போட்டுக் கூட்டுவது. அயர்லாந்தில் பிறந்த கீரோ என்பவர் உலகமெங்கும் பரப்பியது. 247 எழுத்துள்ள மொழிக்காரன், 26 எழுத்துக்காரனின் கணக்குக்காகத் தன் பெயரைத் திரித்துக்கொள்வதா? திரித்த பெயரை நாளைக்கு வாடிக்கையாளர் போனில் தேடினால் கிடைக்குமா? தபால் இலாகாவில் 34 வருஷம் இருந்தவன் சொல்கிறேன். எழுத்து மாறிய பெயருக்கு வரும் கடிதம் ஊரெல்லாம் சுற்றும்.

"ஆங்கிலப் பெயர் இருந்தால்தான் புதுச்சேரி ஆர்டர் வரும், மார்க்கெட் அப்படி" என்கிறார்கள் பிள்ளைகள். இதே மார்க்கெட் கதையைத்தான் சினிமாக்காரர்களும் சொன்னார்கள். 2006-ல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று அரசு அறிவித்ததும் என்ன ஆயிற்று? "சம்திங் சம்திங்" உதிர்ந்து "உனக்கும் எனக்கும்" நின்றது. "ஜில்லுனு ஒரு காதல்" "சில்லுனு ஒரு காதல்" ஆனது. படங்கள் ஓடத்தானே செய்தன!

சட்டமும் இருக்கிறது. கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிப்படி பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது கணக்கு. ஆனால் "ராயல் ஃப்ளோரிங் வேர்ல்டு" என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுத் தமிழ்ப் பலகை என்பது சட்டத்துக்குக் காட்டும் போக்கு.

நான் தமிழ் வெறியனும் இல்லை. டைல்ஸை "ஓடு" என்றால் கூரை வேய்கிறவன் என்று நினைப்பார்கள், டைல்ஸ் இருக்கட்டும். அகராதி பார்த்து "தரைத்தளம்" என்று வைத்தால் கடை கீழ் மாடியில் இருக்கிறது என்று படித்துவிட்டுப் போவார்கள். தளவரிசை என்று அழகான சொல் இருக்கிறது. தரை வேலை என்றாலும் எல்லோருக்கும் புரியும்.

வெறும் "திண்டிவனம் டைல்ஸ்" போதுமா என்றால், போதாது. ஊரும் சரக்கும் மட்டுமே உள்ள பெயருக்கு வணிகச் சின்னப் பதிவு கிடைப்பது கடினம். எதிரே இன்னொருவன் அதையே வைத்தால் தடுக்கவும் முடியாது. ஊரையும் சொல்ல வேண்டும், தனியாகவும் தெரிய வேண்டும். திண்டிவனம் என்பது திந்திரிவனம், புளியங்காடு. திந்திரிணீஸ்வரர் கோயில் அதற்குச் சாட்சி. ஆகவே என் சிபாரிசு: "புளியவனம் தளவரிசை". கீழே சின்னதாக "டைல்ஸ், கிரானைட், மொசைக் பாலிஷ்". அதற்கும் கீழே அவன் பெயரும் போன் நம்பரும்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஒட்டி இரண்டு வருஷம் கழித்து டைல்ஸைத் தட்டினால் உள்ளே காலியாக "டொக்" என்று கேட்கும். அப்போது வீட்டுக்காரர் இத்தாலியைத் தேட மாட்டார், ஒட்டியவனைத்தான் தேடுவார். "நான்தான் போட்டேன், வந்து பார்க்கிறேன்" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறான் என்பதுதான் கடைப் பெயருக்கு அர்த்தம். ஒளிந்துகொள்ள வசதியான பெயர் நல்ல வேலைக்காரனுக்கு எதற்கு?

பலகை எழுதக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. வீட்டில் என் கட்சியில் இப்போதைக்கு நானும் என் தங்கையும் மட்டும். நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள்.