உழவு யந்திரமும் உழவுப் பதமும்

"பதம் என்னுஞ் சொல்லின் பொருள்களைத் தருக." ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக இவ்வினாவை மாணவர்க்குக் கொடுத்து வருகின்றேன். விடைகளும் ஒழுங்காகவே வரும். பதம் என்பது சொல். பதம் என்பது பாதம். பதம் என்பது பக்குவம். மூன்றாவதற்கு உதாரணங் கேட்டால் சோற்றுப் பதம் என்பார்கள். நானும் சரியென்று அடையாளமிட்டுப் புள்ளி வழங்குவேன்.

அந்த மூன்றாவது பொருளை நானே அறியாதவன் என்பதை ஓர் உழவு யந்திரச் சாரதி எனக்கு உணர்த்தினார். அவர் சொன்னவுடன் உணர்ந்தேனில்லை. நட்டப்பட்ட பின்னரே உணர்ந்தேன். பட்டறிந்ததை எழுதுவதில் வெட்கமொன்றுமில்லை.

கிளிநொச்சிப் பகுதியில் தந்தை வழியாக எனக்கு வந்த மேட்டுக்காணி நான்கு ஏக்கர் உண்டு. செங்கபில மண். காய்ந்தாற் கல், நனைந்தாற் பசை. இரண்டுக்கும் இடைப்பட்ட சில நாள்களே அஃது உழத்தக்க மண்ணாக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்திலே, நல்ல மழை இரண்டு பெய்து ஓய்ந்த மறுநாள், கச்சான் போடும் எண்ணத்தோடு அங்கே போனேன். அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை கல்லூரி. உழவுக்குப் பேசியிருந்த சாரதி சொன்ன நேரத்துக்கு யந்திரத்தோடு வந்தார். யந்திரத்தை வீதியிலேயே நிறுத்திவிட்டுக் காணியின் நடுவே நடந்து சென்றார். ஒரு சாண் ஆழம் கிண்டி, ஒரு பிடி மண் எடுத்து, உள்ளங்கைகளுக்கிடையே வைத்து உருட்டினார். மண் திரிபோல நீண்டது, முறியவில்லை.

"ஐயா, இன்னும் பதம் வரேல்லை. மூண்டு நாள் பொறுங்கோ. இப்ப மெசினை இறக்கினால் நிலம் இறுகிப் போகும்."

நான் சிரித்தேன். "தம்பி, இது எருது இல்லையே. ஐம்பது குதிரைவலு மெசின். இதுக்கும் பதம் பார்க்க வேணுமோ?"

"அதாலைதான் ஐயா சொல்லுறன். எருதெண்டால் பறவாயில்லை."

அவர் சொன்னதை யான் சாக்கு என்று கொண்டேன். அயலிலே வேறொரு யந்திரம் நின்றது. ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசினேன். மத்தியானத்துக்கு முன்னரே நான்கு ஏக்கரும் உழுதாயிற்று. மாலை பஸ்ஸில் வீடு திரும்பும்போது, காரியத்தைக் கெட்டித்தனமாக முடித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சியோடு திரும்பினேன்.

தை மாதத்திற் சென்று பார்த்தபோது காணி எனக்குப் பாடஞ் சொல்லிற்று. பச்சைச் செடிகளுக்கிடையே, இரண்டிரண்டாக, வெளிறிய கோடுகள் ஓடின. யந்திரத்தின் சில்லுகள் சென்ற தடங்கள் அவை. யந்திரம் திரும்பிய வேலியோரங்களிற் செடிகள் சாணளவுகூட உயரவில்லை. கச்சானின் இயல்பு வேறு பயிர்களின் இயல்பன்று. பூத்தபின் அதிலிருந்து ஒரு விழுது கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணைத் துளைத்து உள்ளே போனபின்னரே காய் வைக்கும். மண் இளகியிருந்தாற் காய் உண்டு. இறுகியிருந்தால் விழுது மண்ணின் மேலேயே வாடும். மூன்று நாட் பொறுக்க மாட்டாத அவசரத்துக்கு ஒரு போகத்தின் பெரும்பகுதியை விலையாகக் கொடுத்தேன்.

"எருதெண்டால் பறவாயில்லை" என்று அவர் சொன்னதன் நுட்பம் பின்னரே விளங்கிற்று. எருதின் குளம்பு மண்ணை அழுத்தாது என்பதன்று. சிறிய குளம்பின் மேல் பெரிய உடல் நிற்பதால் அழுத்தம் நன்றாகவே உண்டு. ஆனால் மொத்தச் சுமை சிறிது. ஆதலால் அதன் தாக்கம் மேலோடு நின்றுவிடும். அடுத்த உழவு அதனை நெகிழ்த்திவிடும். நமது வயல்களில் ஓடும் நான்கு சில்லு யந்திரமோ ஏறக்குறைய 2 தொன் நிறையுடையது. மண்ணியல் நூலார் இதற்கு ஒரு விதி சொல்லுவர். ரயரில் உள்ள காற்றின் அழுத்தம் மேல்மண்ணை இறுக்கும். அச்சின்மீது ஏறும் முழுச்சுமை ஆழ்மண்ணை இறுக்கும். ரயரை அகலமாக்கி மேல்மண்ணைக் காப்பாற்றலாம். ஆழ்மண்ணை அவ்வாறு காப்பாற்றல் அரிது. ஆழத்தில் இறுகிய மண் கலப்பைக்கும் எட்டாது, வேருக்கும் இடங்கொடாது, ஆண்டுகள் பல அப்படியே கிடக்கும். இத்தனைக்கும் துணைபோவது ஈரம். மண் துணிக்கைகளின் இடையே நீர் நின்று அவற்றை வழுக்கச் செய்கின்றது. வழுக்குவன நெருங்கி அமுங்குகின்றன.

ஆகவே, யந்திரம் வந்துவிட்டது, இனிப் பதம் எதற்கு என்பது தலைகீழான நியாயம். யந்திரம் பெரிதாகப் பெரிதாகப் பதம் அறிதலும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். இக்கட்டுரையில் யான் சொல்ல வந்தது இவ்வளவே.

மாபெரும் யந்திரங்களை வைத்துப் பயிர் செய்யும் நாடுகளை நோக்குக. வட அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பரந்த தானிய வயல்களில் 400, 500 குதிரைவலுவுடைய யந்திரங்கள் ஓடுகின்றன. 20 தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையனவும் உண்டு. 800 குதிரைவலுவைக் கடந்த யந்திரமொன்று 2024இல் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. இவற்றை ஓட்டுவோர் பதத்தைக் கைவிட்டனரா? இல்லை. வீதியில் வரும்போது ரயரில் ஓர் அழுத்தம், வயலில் இறங்கும்போது அதனிலுங் குறைந்த ஓர் அழுத்தம் என்று காற்றை மாற்றுகின்றனர். ஒரு ரயர் நிற்கும் இடத்தில் இரண்டு பூட்டுகின்றனர். சில்லுக்குப் பதிலாக அகன்ற இறப்பர்ப் பட்டிகளில் யந்திரத்தை ஓடவிடுகின்றனர். முதன்முறை சில்லுச் செல்லும்போதே மண்ணிறுக்கத்தின் பெரும்பங்கு நிகழ்ந்துவிடுகின்றது என்பதை அறிந்து, செய்மதியின் வழிகாட்டலோடு ஆண்டுதோறும் ஒரே தடத்தில் ஓட்டுவோரும் உளர். ஏனைய நிலமெல்லாம் மிதிபடாமற் கிடக்கின்றது. இவ்வளவு செய்தும், மண் ஈரமாயிருந்தாற் காத்திருக்கின்றனர்.

அவர்களுடைய விஞ்ஞானம் மண்ணின் பதத்தை எவ்வாறு அளக்கின்றது தெரியுமா? சுவீடன் நாட்டு விஞ்ஞானி அற்றபேர்க் என்பார் 1911இல் மண்ணின் ஈரநிலைகளுக்கு எல்லைகள் வகுத்தார். அவற்றுள் ஒன்றை இன்று ஆய்வுகூடங்களில் அறியும் முறை இது: மண்ணைக் கையால் உருட்டித் திரியாக்குவர், அத்திரி ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் பருமனில் முறியத் தொடங்கும் ஈரநிலையை எல்லையாகக் கொள்வர். என் காணியின் நடுவே நின்று அந்தச் சாரதி செய்ததும் இதுவே. அவர் அற்றபேர்க்கைப் படித்தவரல்லர். தம் தகப்பனாரிடங் கற்றவர்.

நம்முடைய நூல்களிலும் இவ்வறிவு இல்லாமலில்லை. ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்றார் வள்ளுவர். அக்குறளைப் படிப்பிக்கும் நாம் மாணவரிடம் கேட்பது, கஃசு என்பது எவ்வளவு என்று. வள்ளுவர் கேட்பது, காயவிட்டாயா என்று. நான் முன்னதற்கு விடை அறிந்தவன். பின்னதிலே தவறினேன்.

இதனைப் படிக்கும் சிலர், பண்டிதர் எருது கட்டிய காலத்தை நினைந்து ஏங்குகின்றார் என்று எண்ணக்கூடும். அத்தகைய ஏக்கம் எனக்கில்லை. கம்பர் பெயரால் வழங்கும் ஏர் எழுபதை வகுப்பிலே படிப்பிக்கின்றோம். மேழியும் கொழுவும் நுகமும் அங்கே சிறப்புப் பெறுகின்றன. ஆனால் ஏரைப் பாடப் படித்தவர்க்கும் ஏரைப் பிடித்தவர்க்கும் நடுவே நம் சமூகம் உயர்ந்த வரம்பொன்று கட்டி வைத்திருந்தது. ஏர் பிடித்த பலருக்குச் சொந்த நிலமுமில்லை; அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாசலும் எளிதில் திறக்கவில்லை. அவர்களுடைய முதுகை நிமிர்த்தியதில் யந்திரத்துக்குப் பங்குண்டு. 2009இல் போர் முடிந்து வன்னி மக்கள் மீளக்குடியேறியபோது காணிகள் பற்றைக்காடாய்க் கிடந்தன. பலருடைய மாடுகள் போய்விட்டன. யந்திரம் இல்லையேல் அந்நிலங்கள் திறந்திரா. இதை மறந்து யந்திரத்தைப் பழிப்பது நன்றியன்று.

யந்திரம் நெல்வயலில் நன்மையே செய்யும் இடமும் உண்டு. சேறடிக்கும்போது மேற்சேற்றின் கீழே இறுகிய தளமொன்று அமைகின்றது. அத்தளமே வயலில் நீரைத் தாங்குகின்றது. அங்கே இறுக்கம் வேண்டப்படுவது. மேட்டுநிலத்தில் அதுவே கேடு. ஒரே சில்லு நெல்லுக்கு உறவு. கச்சானுக்கும் உழுந்துக்கும் பகை. எது உறவு, எது பகை என்று யந்திரம் அறியாது.

அறியச் செய்ய முயன்றவர்களும் உண்டு. அயர்லாந்தில் பிறந்த ஹரி பேர்கசன் கலப்பையை மூன்று முனைகளில் யந்திரத்தோடு பிணைத்தார். மண் கடுமையாக எதிர்த்தாற் கலப்பை தானே சற்று உயரும்படி செய்தார். மேழி பிடித்தவன் கை செய்த வேலையில் ஒரு பங்கை யந்திரத்துக்குக் கொடுத்தவர் அவர். ஆயினும் அவ்வமைப்பு இழுவையின் கடுமையை அறியுமேயன்றித் தன் சில்லின் கீழே மண் குழைந்து அமுங்குவதை அறியாது. நம் நாட்டு அறிஞர் றே விஜேவர்தன 1950களில் இரு சில்லு உழவு யந்திரத்தை உருவாக்கியவர். லாண்ட்மாஸ்டர் என்ற அதன் பெயர் யாழ்ப்பாணத்தில் அவ்வகை யந்திரம் எல்லாவற்றுக்குமே பெயராயிற்று. அவரே பிற்காலத்தில், யந்திரம் உழைப்பைக் குறைத்தது, விளைவைக் கூட்டியதா என்று தம்மைத் தாமே வினவினார். நைஜீரியாவிலே உழாமற் பயிர் செய்யும் முறைகளிலும் ஈடுபட்டார். தான் ஆக்கிய யந்திரத்தையே மறுவிசாரணைக்கு உட்படுத்தும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

அங்ஙனமாயின், என் காணியிற் பிழை செய்தவர் யார்? யந்திரமன்று. இரண்டாவதாக வந்த சாரதியை மட்டும் குறைகூறவும் மனம் வரவில்லை. அவர்க்கு ஏக்கர்க் கணக்கிற் கூலி. உழவுக்காலமோ சில கிழமைகள். யந்திரத்துக்குத் தவணைப் பணம் மாதந்தோறும் கட்ட வேண்டும். காத்திருக்கும் நாளுக்கு அவர்க்கு ஒரு சதமும் இல்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது டீசல் கிடைத்த நாளே பலர்க்கு உழவு நாளாயிற்று; மண்ணின் பதம் பார்க்க அவர்க்கு வழியிருக்கவில்லை. எனக்கோ வழி இருந்தது. தூரத்திலிருந்து காணி வைத்திருப்பவன், விடுமுறைநாளிற் பயிர் செய்பவன், அறிந்தவன் சொல்லைச் சாக்கு என்று தள்ளியவன், நானே பிழை செய்தவன்.

பரிகாரம் இல்லாமற் போகவில்லை. போகத்துக்கு முன் கமக்காரர் கூடி விதைப்பு நாளையும் நீர் விடும் நாளையும் தீர்மானிக்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. அக்கூட்டத்திலேயே உழவின் ஒழுங்கையும் தீர்மானிக்கலாம். விரைவில் வடியும் மணற்பாங்கான மேட்டுக்காணிகள் முதலில். களிப்பற்றுள்ள தாழ்ந்த காணிகள் பின்னர். அப்படிச் செய்தால் யந்திரமும் சும்மா நில்லாது, மண்ணும் கெடாது. சாரதி பதமில்லை என்று திரும்பிப் போனால், அந்த வருகைக்கும் சிறு கூலி கொடுப்பது காணிக்காரன் கடமை. "வேண்டாம்" என்று சொல்லும் அறிவுக்குக் கூலியில்லையென்றால், "சரி" என்று சொல்லும் அவசரமே எஞ்சும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. சாரதி தம் தகப்பனாரிடங் கற்ற சொல்லை அவர் மகன் யாரிடங் கற்பான்? அவன் நம் வகுப்பிலே இருக்கின்றான். பதம் என்றாற் பக்குவம் என்று எழுதிப் புள்ளி பெறுகின்றான். நாளை அவனே தன் தகப்பனாரின் யந்திரத்தினும் பெரியதொன்றின்மேல் ஏறுவான். அவன் கையில் இருக்கப்போவது நூறு குதிரைவலு. நாவில் இருக்கப்போவது ஓர் அகராதிப் பொருள். அது போதாது.

அடுத்த ஐப்பசியில் முதலில் வந்த சாரதியையே தேடிச் சென்றேன். பழையதை அவர் பேசவில்லை. மண்ணை எடுத்து என் கையில் வைத்து, "நீங்களே உருட்டிப் பாருங்கோ, ஐயா" என்றார். அந்த மண்ணில் ஒரு பிடியைக் கடதாசியிற் சுற்றிக் கல்லூரிக்குக் கொண்டு வந்தேன். மேசைமேல் வைத்துத் தண்ணீர் தெளித்து, மாணவர் ஒவ்வொருவரையும் உருட்டச் சொன்னேன். எந்த ஈரத்தில் நீள்கின்றது, எந்த ஈரத்தில் முறிகின்றது என்று கண்டார்கள். வகுப்பறை அழுக்காயிற்று. மேசையைத் துடைக்க ஒரு பாடநேரம் போயிற்று. ஆனால் பதம் என்னுஞ் சொல்லை அன்றுதான் யான் முழுமையாகப் படிப்பித்தேன். மற்றைய ஆசிரியர்களும் தத்தம் ஊர் மண்ணை வகுப்புக்குக் கொண்டு வருவார்களாக.