வீட்டோடு வெள்ளைக்கார மாப்பிள்ளை

வடகிழக்குத் தாய்லாந்தில், ஈசான் என்று அழைக்கப்படும் பகுதியில், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் பழைய வழக்கம். கடைசி மகள் பெற்றோருடனேயே தங்குவாள். அவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்வாள். வீடும் அவளுக்கே வரும். அவளைக் கட்டியவன் அங்கே வந்து சேருவான். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் கேட்பவர் முகத்தில் ஒரு நமட்டுச் சிரிப்பு தோன்றும். அங்கே அது சகஜம். உடோன் தானி, கோன் கேன் பக்கத்துக் கிராமங்களில் இப்படி வந்து சேர்ந்தவர்களில் பலர் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கென்று ஒரு பெயரே உண்டு: கோய் ஃபராங். அதாவது, வெள்ளைக்கார மருமகன்.

யார்க்ஷயரில் முப்பது வருடம் குழாய் ரிப்பேர் செய்து பிழைத்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயது 58. மனைவி உடோன் தானிக்காரர். பதினாறு வயதில் பையன், பத்து வயதில் பெண். மாமியார் கையால் ஒட்டரிசிச் சோறும் பப்பாளி சாலடும் சாப்பிடப் பழகிவிட்டார். ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் யார் என்பதில் சந்தேகம் உள்ள ஒரே இடம் அரசாங்க அலுவலகம்தான்.

சந்தேகம் கல்யாணத்திலிருந்தே தொடங்குகிறது. பிக்குகள் வந்து ஓதி, பெரியவர்கள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, ஊரே சாப்பிட்டுப் போனாலும் சட்டத்தின் கண்ணில் அது கல்யாணம் அல்ல. ஆம்ஃபோ எனப்படும் வட்ட அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் கல்யாணம். அதற்கு, தனக்கு வேறு மனைவி இல்லை என்று பிரிட்டிஷ் தூதரகம் மூலம் ஓர் உறுதிமொழி வேண்டும். அதைத் தாய்லாந்து மொழியில் பெயர்த்து, வெளியுறவு அமைச்சகத்தில் முத்திரை வாங்க வேண்டும். நம்மவர்களுக்கு வியப்பூட்டும் விஷயம் வேறு. அங்கே பணம் கொடுப்பது மாப்பிள்ளை வீடு. சின்சோட் என்ற இந்தத் தொகை பெண்ணை வளர்த்த பெற்றோருக்கான மரியாதை. பேரம் உண்டு. கல்யாணத்தன்று நோட்டுக் கட்டுகளைத் தட்டில் பரப்பி ஊருக்குக் காட்டுவதும் உண்டு.

பதிவைத் தள்ளிப்போடும் ஜோடிகள் நிறைய. அதன் விலை குழந்தை பிறந்த பிறகுதான் தெரியும். பதிவுத் திருமணம் இல்லாவிட்டால், பிறப்புச் சான்றிதழில் பெயர் இருந்தும் அவர் சட்டப்படி தகப்பன் ஆகமாட்டார். பின்னால் தாயும் குழந்தையும் சம்மதித்துப் பதிய வேண்டும். இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். உறவு முறிந்த பிறகு அந்தச் சம்மதம் சுலபத்தில் கிடைக்காது.

பிறகு விசா. தாய்லாந்துப் பெண்ணின் கணவன் என்ற தகுதி அவருக்கு நிரந்தரமாக எதையும் வாங்கித் தருவதில்லை. ஒவ்வொரு வருடமும் தங்கும் அனுமதியை நீட்டிக்க வேண்டும். கட்டணம் 1,900 பாட் மட்டுமே. ஆனால் அவர் பெயரில் தாய்லாந்து வங்கியில் 4 லட்சம் பாட், விண்ணப்பிப்பதற்கு முன்பே இரண்டு மாதம் அசையாமல் கிடக்க வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். அல்லது மாதம் 40,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். முன்பெல்லாம் வருமானத்துக்குத் தூதரகமே கடிதம் கொடுத்தது. 2019 ஜனவரியிலிருந்து பிரிட்டிஷ் தூதரகம் அதை நிறுத்திவிட்டது. அதன்பின் மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததை வங்கிக் கணக்கே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

பணம் போதாது, குடும்பமும் நிஜமா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். வீட்டு வாசலில் கதவு எண் தெரிகிற மாதிரி இருவரும் நிற்கும் போட்டோ, உள்ளே இருக்கும் போட்டோ, வீட்டுக்கு வழி காட்டும் கையால் வரைந்த படம், சாட்சி சொல்ல அக்கம்பக்கத்தவர் ஒருவர். எல்லாம் கொடுத்தால் 'பரிசீலனையில்' என்று 30 நாள் முத்திரை கிடைக்கும். அதற்குப் பிறகுதான் மீதி வருடம். ஐம்பது வயது தாண்டியவர்கள் ஓய்வுபெற்றவர் என்ற பிரிவில் போகலாம். அதற்கு 8 லட்சம் பாட் வைப்பு அல்லது மாதம் 65,000 வருமானம். கேள்விகள் குறைவு. கல்யாணம் வைப்புத் தொகையைப் பாதியாக்குகிறது, காகிதத்தை இரட்டிப்பாக்குகிறது என்பது அங்குள்ளவர்களின் அனுபவம்.

இத்தோடு முடியவில்லை. தொடர்ந்து 90 நாள் நாட்டில் இருந்தால், இன்ன விலாசத்தில் இருக்கிறேன் என்று குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மறந்தால் 2,000 பாட் அபராதம். வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்தில் அறிவிக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. வீடு மனைவி பெயரில் இருப்பதால், கட்டிய கணவனைப் பற்றி மனைவிதான் படிவம் எழுதிக்கொடுக்க வேண்டும். தாய் இறந்துவிட்டார் என்று யார்க்ஷயரிலிருந்து போன் வந்தால்கூட, திரும்பி வரும் அனுமதியை 1,000 பாட் கட்டி வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். வாங்காமல் போனால் அந்த வருடத்து நீட்டிப்பு ரத்து.

வேலை? மனைவி நூடுல்ஸ் கடை வைத்திருந்தால் இவர் தட்டு கழுவிக் கொடுப்பதுகூட ஆபத்து. தொழில் அனுமதி இல்லாமல் வேலை செய்த வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம் விதிக்கலாம், நாட்டை விட்டு அனுப்பவும் செய்யலாம். முடி வெட்டுவது, சுற்றுலா வழிகாட்டி வேலை, மஸாஜ் போன்றவை அந்நாட்டவருக்கே ஒதுக்கப்பட்டவை. ஆங்கில வாத்தியார் வேலைக்குப் பலர் போவது ஆங்கில இலக்கியத்தின் மீதுள்ள பற்றால் அல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கதி நிலம். தாய்லாந்தின் 1954 நிலச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயரில் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டிடத்தில் வீடு வாங்கலாம். அதிலும் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருக்கக் கூடாது. ஒரு காலத்தில் வெளிநாட்டவரைக் கட்டிய தாய்லாந்துப் பெண்ணுக்கே நிலம் வாங்கத் தடை இருந்தது. புருஷன் பின்வாசல் வழியாக நிலச்சுவான்தார் ஆகிவிடுவானோ என்ற பயம். 1999-ல் உள்துறை அமைச்சகம் இதைத் தளர்த்தியது, ஒரு நிபந்தனையோடு. நிலம் வாங்கும் பணம் முழுக்க மனைவியின் சொந்தப் பணம், தனக்கு அதில் பங்கில்லை என்று கணவன் கையெழுத்துப் போட வேண்டும்.

யார்க்ஷயரில் வீட்டை விற்றுக் கொண்டுவந்த பணத்தில் ஈசானில் வீடு கட்டும் மனிதர், நிலப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து 'இது என் பணம் அல்ல' என்று எழுதிக்கொடுக்கிறார். அநேகமாக எல்லோரும் கொடுக்கிறார்கள். வேறு வழியில்லை. பிற்காலத்தில் விவாகரத்து வந்தால் அந்தக் கையெழுத்துதான் முதல் ஆவணம். மனைவி முந்திக்கொண்டு இறந்தால் நிலை இன்னும் சிக்கல். கணவன் வாரிசுதான். ஆனால் நிலத்தை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வருடத்துக்குள் விற்றாக வேண்டும்.

சட்டத்திலேயே இதற்கு ஓரளவு பாதுகாப்பு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. 30 வருடக் குத்தகை எழுதிக்கொள்ளலாம். அல்லது ஆயுள் அனுபவ உரிமையைப் பத்திரத்திலேயே பதிந்துகொள்ளலாம். நிலம் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ சொந்தம், உயிருள்ளவரை குடியிருக்கும் உரிமை இவருக்கு. விற்றாலும் வாங்கியவர் இவரை வெளியேற்ற முடியாது. இதைக் கேட்பது மனைவி மீது நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிவிடுமோ என்ற கூச்சத்தில்தான் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பிரச்சினை பெரும்பாலும் மனைவியிடமிருந்து வருவதும் இல்லை. அவருக்குப் பின் சொத்துக்கு வரும் மைத்துனர்களிடமிருந்து வருகிறது.

நம் ரேஷன் கார்டு போல அங்கே வீட்டுக்கு வீடு ஒரு புத்தகம் உண்டு. பெயர் தபியன் பான். மனைவி, மக்கள், மாமியார் எல்லோரும் நீலப் புத்தகத்தில். குடும்பத் தலைவருக்குத் தனியாக மஞ்சள் புத்தகம். அதை வைத்து ரோஜா நிறத்தில் ஓர் அடையாள அட்டையும் வாங்கலாம். ஆஸ்பத்திரியிலும் உள்நாட்டு விமானத்திலும் பாஸ்போர்ட்டை எடுக்காமல் சமாளிக்க அது உதவும். நாட்டில் தங்கும் உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிள்ளைகள் கதை நேர்மாறு. அவர்கள் இரண்டு நாட்டுக்கும் பிரஜைகள். தாய் வழியாகவோ தந்தை வழியாகவோ குடியுரிமை வரும் என்று தாய்லாந்து 1992-ல் சட்டத்தைத் திருத்தியது. தகப்பன் பிரிட்டனில் பிறந்தவர் என்பதால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் உண்டு. பாங்காக்கில் தாய்லாந்துப் பாஸ்போர்ட்டைக் காட்டிப் புறப்பட்டு, லண்டனில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைக் காட்டி இறங்கலாம். இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்காத நமக்கு இது பொறாமைப்பட வேண்டிய வசதி. ஆனால் வசதிக்குக் கணக்கும் உண்டு. தாய்லாந்தில் 21 வயது ஆண்களுக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் ராணுவச் சீட்டுக் குலுக்கல். கறுப்புச் சீட்டு எடுத்தால் வீட்டுக்கு, சிவப்பு எடுத்தால் பட்டாளத்துக்கு. பாதி வெள்ளைக்காரன் என்பதால் விலக்கு இல்லை. மேல்நிலைப் பள்ளியில் மூன்று வருடம் ராணுவப் பயிற்சி முடித்தவனுக்குத்தான் விலக்கு. பதினாறு வயதுப் பையனின் தகப்பன் யோசிக்க வேண்டிய வேளை இதுவே.

படிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, பாடம் தாய்லாந்து மொழியில். பாங்காக்கில் 1998-ல் வந்த ஹாரோ போன்ற பள்ளிகளின் கட்டணம் குழாய் ரிப்பேர்காரரின் கைக்கு எட்டாது. சரி, கல்லூரிக்குப் பிரிட்டன் அனுப்பலாம் என்று நினைத்தால், பாஸ்போர்ட் மட்டும் போதாது. படிப்பு தொடங்குமுன் மூன்று வருடம் பிரிட்டனில் வசித்திருந்தால்தான் பொதுவாக உள்ளூர் மாணவருக்கான கட்டணம். இல்லாவிட்டால் வெளிநாட்டு மாணவராகப் பல மடங்கு கட்ட வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு நாளை தாய்லாந்தில் குழந்தை பிறந்தால், அதற்குப் பிரிட்டிஷ் குடியுரிமை தானாகவும் வராது. வெளிநாட்டில் பிறந்து வம்சாவளியால் பெற்ற உரிமை சாதாரணமாக ஒரு தலைமுறையோடு நின்றுவிடும்.

வயதான காலத்துக்கு வருவோம். பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் வருடா வருடம் உயரும், வாங்குபவர் சரியான நாட்டில் இருந்தால். 2000-ல் ஓய்வு பெற்றவருக்கு முழு அடிப்படை ஓய்வூதியம் வாரம் 67.50 பவுண்டு. அவர் அன்றே பிலிப்பைன்ஸுக்குக் குடிபோயிருந்தால் 2025 ஏப்ரலில் அது 176.45 பவுண்டு ஆகியிருக்கும். தாய்லாந்துக்குப் போயிருந்தால் அதே 67.50தான். மணிலாவுடன் பிரிட்டனுக்கு ஒப்பந்தம் உண்டு, பாங்காக்குடன் இல்லை. காரணம் அவ்வளவுதான். இந்தப் பட்டியலில் ஆஸ்திரேலியாவும் கனடாவும் இருக்கின்றன, இந்தியாவும் இருக்கிறது. பிரிட்டனில் உழைத்துவிட்டு ஜலந்தருக்கோ சென்னைக்கோ திரும்பிய நம்மவர்களுக்கும் இதே கதிதான். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போன வழக்கு 2010-ல் தோற்றது.

போதாததற்கு நாணய மாற்று. 2005 வாக்கில் ஒரு பவுண்டுக்கு 70 பாட்டுக்கு மேல் கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப் பிரிட்டன் 2016-ல் வாக்களித்த பிறகு 50-க்குக் கீழே போய்விட்டது. அன்று கணக்குப் போட்டு வந்து குடியேறியவர்களின் வாழ்க்கையில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே கரைந்தது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் '30 பாட் வைத்தியம்' என்று பெயர் பெற்ற அரசு மருத்துவத் திட்டம் இருக்கிறது. அவருக்கு இல்லை. வயது ஏற ஏற இன்சூரன்ஸ் பிரீமியமும் ஏறும். நாட்டை விட்டுக் குடிபெயர்ந்தவர் என்பதால் பிரிட்டனின் இலவச மருத்துவமும் போய்விட்டது. திரும்பி அங்கேயே குடியேறினால்தான் அது மறுபடி கிடைக்கும்.

அப்படியானால் குடும்பத்தோடு திரும்பிப் போய்விடலாமே? அவர் போகலாம், பிள்ளைகளும் போகலாம். மனைவி போக முடியாது. துணைவியை அழைத்துவரப் பிரிட்டன் கேட்கும் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 2012-ல் 18,600 பவுண்டாக நிர்ணயிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கினார்கள். வருமானம் இல்லையேல் 88,500 பவுண்டு சேமிப்பு வேண்டும். விசா கட்டணம், மருத்துவ வரி, காசநோய்ச் சோதனை, ஆங்கிலப் பரீட்சை எல்லாம் தனி. இருபது வருடம் மனைவியின் நாட்டில் வருடத்துக்கு வருடம் அனுமதி கேட்டு வாழ்ந்தவர், தன் சொந்த நாட்டிலும் மனைவிக்காக அனுமதி கேட்டு நிற்க வேண்டியவராகிறார்.

இத்தனையும் தெரிந்தும் மனிதர்கள் அங்கேயே இருக்கிறார்கள். மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள், மகளை ஸ்கூட்டரில் பள்ளியில் விடுகிறார்கள், வட்ட அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார்கள். செய்து வைக்க வேண்டிய காரியங்கள் என்னவோ மூன்று நான்குதான். கல்யாணத்தைப் பதிவது, நிலப் பத்திரத்தில் ஆயுள் உரிமையை ஏற்றுவது, இரண்டு நாட்டுச் சொத்துக்கும் தனித்தனி உயில் எழுதுவது, மனைவி பெயரிலும் கொஞ்சம் பணம் வைப்பது. கடைசியானது முக்கியம். அந்த 4 லட்சம் பாட் கணவன் பெயரில் மட்டும் இருக்கிறது. அவர் கண்ணை மூடினால், சொத்து நிர்வாகியைக் கோர்ட் நியமிக்கும்வரை அந்தக் கணக்கில் மனைவி கை வைக்க முடியாது. இறுதிச் சடங்குக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். குடும்பத்தைக் காப்பாற்ற வசதி உண்டு என்று அரசுக்கு நிரூபிக்க வைத்த பணம், குடும்பத்துக்குத் தேவைப்படும் அன்றுதான் எட்டாமல் போகிறது.