ராத்திரியில் வரும் ஜேசிபி

அனுமதி இல்லாத கட்டடம், அதனால் இடித்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவு இடித்துத் தள்ளியதற்குச் சொல்லப்பட்ட காரணத்தின் சாரம் இவ்வளவுதான்.

இதை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வந்து சொன்னால் சிரிப்பார்கள். அனுமதி இல்லாத கட்டடம் என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஏரிக்குள் வீடு, பிளாட்பாரத்தில் கோயில், தெருமுனையில் கட்சிக் கொடிமேடை... அதையெல்லாம் இடிக்க வருகிற அதிகாரி கூட முதலில் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார். பிறகு பட்டப்பகலில் ஜேசிபியோடு வருவார், ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். கேட்டைப் பூட்டி, படிக்கிற பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு இருட்டில் இடிப்பதற்குக் கட்டட விதி எதற்கு?

இன்னொரு வேடிக்கை. இடித்தது வெள்ளிக்கிழமை ராத்திரி. மாணவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். திங்கட்கிழமை, ஜனவரி 11, வடக்கிலும் கிழக்கிலும் ஹர்த்தால். அன்று காலையிலேயே துணைவேந்தர் வந்து அதே இடத்தில் புதிய தூபிக்கு அடிக்கல் நட்டார். அந்த ஏப்ரலில் அது திறக்கப்பட்டும் விட்டது. வெள்ளிக்கிழமை சட்டவிரோதமாக இருந்த ஒன்று திங்கட்கிழமை எப்படிச் சட்டபூர்வமானது? இரண்டு நாளில் எந்த பிளான் அப்ரூவல் வாங்கினார்கள்? (சென்னை மாநகராட்சி கவனிக்க!)

ஆக, விஷயம் செங்கல் சிமெண்ட் இல்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பதுதான் விஷயம். போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011ல் சொன்னது. கொழும்பு அதை ஏற்கவே இல்லை. இறந்ததையே ஒப்புக்கொள்ளாதபோது இறந்தவர்களுக்கு ஒரு கல் நிற்பதை மட்டும் எப்படி ஒப்புக்கொள்வார்கள்?

அடுத்த வாதம் கொஞ்சம் நாகரிகமானது. போரின் நினைவுகள் எதற்கு, சமாதானத்தைப் பற்றிப் பேசுவோம் என்கிறார்கள். தூபி இடிபட்டபோது இலங்கையின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுத் தலைவரும் இந்த ரீதியில்தான் பேசினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு ஏ9 சாலையில் போய்ப் பாருங்கள். கிளிநொச்சியில் ஒரு பெரிய கான்கிரீட் கனசதுரம், அதைத் துளைத்து நிற்கும் ஒரு குண்டு, மேலே ஒரு தாமரை. ஆனையிறவில் ஒரு ராணுவச் சின்னம். புதுக்குடியிருப்பில் தண்ணீருக்கு நடுவே ஆயுதம் ஏந்திய சிப்பாய். இவை எல்லாம் போரின் நினைவு இல்லையா? ஜெயித்தவன் கட்டினால் சமாதானம், தோற்றவன் கட்டினால் போர் என்று ஏதாவது அகராதி இருக்கிறதா?

கோப்பாய்க்கு இதைவிட மோசம். அங்கே புலிகளின் மாவீரர் துயிலும் இல்லத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருந்தன. அதை இடித்துச் சமப்படுத்தி, அதன் மேலேயே ராணுவத்தின் 51வது டிவிஷனுக்குத் தலைமையகம் கட்டி 2011ல் திறந்தார்கள். நிலம் பற்றாக்குறையா என்ன? மகனைப் புதைத்த இடத்தில் ராணுவ அலுவலகம் நின்றால் ஒரு தாய் எங்கே போய் விளக்கு ஏற்றுவாள்?

"அவர்கள் பயங்கரவாதிகள், அவர்களுக்கு எதற்கு நினைவிடம்?" என்பவர்களுக்கு ஒரு தகவல். ஜே.வி.பி. என்று ஒரு கட்சி. 1971லும் 1987-89லும் அரசுக்கு எதிராக ஆயுதம் தூக்கிய இயக்கம். தடை செய்யப்பட்டது, கொலைகள் செய்தது, அதைவிடப் பல மடங்கு கொல்லப்பட்டது. அதன் தலைவர் ரோகண விஜேவீர 1989 நவம்பர் 13ல் கொல்லப்பட்டார். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் தங்கள் வீரர்களுக்கு அவர்கள் பகிரங்கமாக அஞ்சலி செலுத்துகிறார்கள். 2024 செப்டம்பரில் அந்தக் கட்சியின் தலைவர் அனுர குமார திசாநாயக்க நாட்டின் ஜனாதிபதியே ஆகிவிட்டார். சிங்களப் போராளியின் அம்மா அழலாம், தமிழ்ப் போராளியின் அம்மா அழக்கூடாது. இதற்குப் பெயர் பயங்கரவாத எதிர்ப்பு இல்லை, இன வேறுபாடு.

இங்கே கைதட்டுகிறவர்களும் கொஞ்சம் நிற்க வேண்டும். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் ரோட்டில் போனால் ஸ்ரீபெரும்புதூரில் இன்னொரு நினைவிடம். 1991 மே 21ல் ராஜீவ் காந்தியோடு செத்தவர்களில் கட்சித் தொண்டர்களும் பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்களும் உண்டு. அந்த வழக்கில் 26 பேருக்கு மரண தண்டனை விதித்த தடா கோர்ட்டு இருந்தது இதே பூந்தமல்லியில்தான். கிழக்கிலங்கையில் காத்தான்குடி. 1990 ஆகஸ்ட் 3ல் தொழுகையில் இருந்த முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக் கொன்ற பள்ளிவாசல் சுவரில் குண்டுத் துளைகளை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். அதைப் பூசி மறைக்கச் சொல்ல எந்தத் தமிழனுக்கும் உரிமை இல்லை. முள்ளிவாய்க்காலுக்கு அழுகிறவன் காத்தான்குடிச் சுவர் முன்னால் தலை குனியத் தயாராக இல்லை என்றால் அவன் அழுகை அரசியல் மட்டும்தான்.

புல்டோசர் சிங்களம் மட்டும் பேசும் என்றும் நினைக்க வேண்டாம். தஞ்சாவூரில் பழ.நெடுமாறன் எழுப்பிய முள்ளிவாய்க்கால் முற்றத்தை 2013 நவம்பரில் திறந்தார்கள். திறந்த சில நாளிலேயே அதன் சுற்றுச்சுவரை இடித்தது யார்? தமிழ்நாட்டு அரசுதான். நெடுமாறன் கைது. காரணம்? நெடுஞ்சாலைத் துறை நிலமாம். அங்கேயும் அனுமதிதான்!

அப்படியானால் எந்தச் சின்னத்தையும் தொடவே கூடாதா? அப்படி இல்லை. மவுண்ட் ரோட்டில் கர்னல் நீலுக்கு ஒரு சிலை இருந்தது. 1857ல் அலகாபாத், கான்பூர் பக்கம் கண்டபடி தூக்கில் போட்டவன். அதை அகற்றச் சொல்லி 1927ல் சத்தியாகிரகம் செய்து ஜெயிலுக்குப் போனார்கள். 1937ல் ராஜாஜி அரசு வந்ததும் அதை எடுத்து மியூசியத்துக்கு அனுப்பினார்கள். சரியான வேலை. அது கொன்றவனைக் கொண்டாடிய சிலை. ஊருக்கு நடுவே அதை வைத்திருந்தது செத்தவர்களுக்குச் செய்த அவமானம். தூபியும் சிலையும் ஒன்று என்று குழப்புகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை.

சிக்கலான கேஸ்களும் உண்டு. எஸ்டோனியாவில் சோவியத் வெண்கலச் சிப்பாய். எஸ்டோனியர்களுக்கு அது ஆக்கிரமிப்பின் அடையாளம், அங்கேயே வாழும் ரஷ்யர்களுக்கு ஹிட்லரை எதிர்த்துச் செத்த தாத்தாவின் கல்லறை. இரண்டுமே உண்மை. 2007 ஏப்ரலில் அதை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கினார்கள், தாலின் நகரமே பற்றி எரிந்தது, ஒருவர் செத்தார். ஆனாலும் அவர்கள் அதை உடைக்கவில்லை. ராணுவக் கல்லறைக்கு மாற்றி வைத்தார்கள், கீழே இருந்த எலும்புகளுக்கும் மரியாதையான இடம் கிடைத்தது. இன்றைக்கும் ரஷ்யர்கள் அங்கே போய்ப் பூ வைக்கலாம். 2022ல் நார்வா நகரத்தில் இருந்த டி-34 டேங்க்கை எடுத்ததும் மியூசியத்துக்குத்தான். (அந்த டேங்க்கின் பேரப்பிள்ளைகளான டி-72 தயாரானதும் டி-90 தயாராவதும் ஆவடியில் என்பது உபரித் தகவல்.) ஆக்கிரமித்தவனின் சின்னத்துக்கே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். சொந்த நாட்டு மக்களின் சாவுக்கு வைத்த கல்லுக்கு ஒரு பகல் வெளிச்சம் கூடக் கொடுக்கவில்லை யாழ்ப்பாணத்தில்.

2025 மே மாதம் கனடாவின் பிராம்ப்டன் பூங்காவில் தமிழர்கள் ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். அதற்கும் கனடாத் தூதரைக் கூப்பிட்டு எதிர்ப்புத் தெரிவித்தது இலங்கை அரசு. அது கனடா நிலம், கனடா நகரசபை கொடுத்த அனுமதி. இந்தத் தடவை அனுமதி இருந்தது, ஆனாலும் பிரச்சனை!

அதற்கு முந்தைய வருடம், 2024 மே, திருகோணமலை மாவட்டம் சம்பூர். முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் சனங்கள் குடித்து உயிர் பிழைத்த கஞ்சியை நினைவாகக் காய்ச்சி ஊருக்குக் கொடுத்தார்கள். கோர்ட்டில் தடை வாங்கி, ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பெண்கள் உட்பட நான்கு பேரைப் பிடித்துக்கொண்டு போனது போலீஸ். இந்த முறை சொன்ன காரணம் சுகாதாரம். பானையில் இருந்தது அரிசியும் தண்ணீரும் உப்பும்.